சரி சிஸ்டர்

எஸ்லின் அந்த ஆஸ்பத்திரியில் நர்சிங் இன்சார்ஜாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இட்லித் தகராறு வந்துவிட்டது. காலையில் ஹெர்னியா ஆபரேஷன் வைத்திருந்த மனிதர். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று நைட் ட்யூட்டி பார்த்தவள் காலையில் வந்தவளிடம் சொன்னாளா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. சொன்னேன் என்றாள் இவள், காதில் விழவில்லை என்றாள் அவள். இதற்கிடையில் அந்த மனிதர் கேண்டீனிலிருந்து வந்த இட்லியைச் சாம்பாரோடு சாப்பிட்டு முடித்து, காபியும் குடித்துவிட்டு, "தியேட்டருக்கு எப்போ கூட்டிட்டுப் போவீய?" என்று சாவகாசமாகக் கேட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. அவருடைய மைத்துனர்மார் வந்து வரவேற்பு மேசையைத் தட்டித் தட்டிப் பேசியதில் அங்கிருந்த பூ ஜாடி விழுந்து உடைந்தது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. கீழே ஓ.பி.யும் தியேட்டரும், மாடியில் வார்டு. சொந்தக்காரர் டாக்டர் மகாராஜன் அன்று மத்தியானமே எஸ்லினைக் கூப்பிட்டார்.

"ட்யூட்டி மாத்தும்போது மேசையில உக்காந்து கதை பேசுற மாதிரி பேசிட்டுப் போறதெல்லாம் இனிமே வேண்டாம்மா. போறவங்களும் வாறவங்களும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டா போகணும். பேஷண்டு பக்கத்துல நின்னு, அவரு காதுபடச் சொல்லணும். அப்படிச் சொல்லியிருந்தா அந்த ஆளே 'எனக்கு இட்லி வேண்டாம்'னு சொல்லியிருப்பாரு. பெரிய ஆஸ்பத்திரிகள்ல எல்லாம் இப்போ அப்படித்தான். நீங்கதான் இங்க கொண்டுவரணும்."

அதற்காக அவளை மதுரைக்கு ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் படமாகக் காட்டி, வேலை செய்கிற இடத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆட்களோடு பழக வேண்டும், அவர்கள் மனதில் இடம்பிடித்துவிட்டால் மற்றது தன்னால் நடக்கும் என்றார். எஸ்லினுக்கு அது பிடித்திருந்தது. பாளையங்கோட்டையில் படித்து, அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவள். அதட்டி வேலை வாங்கிய சூப்பரிண்டெண்டுகளிடம் பட்டது போதும் என்றிருந்தாள். தான் அப்படி இருக்கப்போவதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டாள்.

பழகுவதில் அவளுக்குச் சிரமம் இல்லை. வார்டில் முக்கியமானவர்கள் மூன்று பேர். தங்கத்தாய் எல்லோரிலும் மூத்தவள், எஸ்லினைவிடவும் மூத்தவள். வாசுதேவநல்லூரிலிருந்து வருகிறவள். அந்த ஆஸ்பத்திரிக்கு மாடி கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கிறாள். அவள் சத்தம் மாடியில் கேட்டால் கீழே மருந்துக்கடைப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வேல்விழி குருவிகுளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு கிராமம், யு.கே.ஜி. படிக்கிற பெண்பிள்ளை உண்டு. ஆபிதா பானு டவுனிலேயே வீடு, கல்யாணம் ஆகாதவள், எதற்கெடுத்தாலும் கண் கலங்கிவிடுவாள்.

வேல்விழி மகளின் காதுகுத்துக்கு எஸ்லின் வெயிலில் மினி பஸ் பிடித்துப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஆபிதா பானுவை எம்.எஸ்ஸி. நர்சிங்குக்கு எழுதச் சொல்லி ஊக்கினாள். தங்கத்தாய்தான் சுலபத்தில் பிடிகொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். எல்லோருக்கும் லீவு வேண்டும், ஆனால் வாய் திறந்து கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. எஸ்லினே போய்ச் சொன்னாள்.

"எனக்குத் தபசு கிடையாதுல்லா. நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

காலையிலிருந்து இருட்டுகிறவரை அவளும் ஒரு டிரெய்னிப் பெண்ணும் மட்டும் வார்டைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் வேறு வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்குப் போனபோது கால் வீங்கிச் செருப்பு கழற்ற முடியவில்லை. மறுநாள் தங்கத்தாய் ஒரு அல்வாப் பொட்டலத்தை அவள் மேசையில் வைத்து, "கோயில்ல படைச்சது இல்ல சிஸ்டர். கடையில வாங்குனது. தைரியமாத் திங்கலாம்" என்றாள். எஸ்லின் பொட்டலத்தை அங்கேயே பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டாள். பயிற்சியில் சொன்னது சரிதான், இனி நடந்துவிடும் என்று நினைத்தாள்.

அந்த வாரமே கூட்டம் போட்டு, பெட் பெட்டாகப் போய் ட்யூட்டி ஒப்படைப்பதைப் பற்றி விளக்கினாள். இட்லிக் கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளையிலருந்து செய்யலாமா?"

"சரி சிஸ்டர்" என்றாள் தங்கத்தாய்.

"சரிக்கா" என்றார்கள் மற்ற இருவரும்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு எஸ்லின் வார்டில் நின்றாள். இறங்குகிற தங்கத்தாயும் ஏறுகிற ஆபிதா பானுவும் ஒவ்வொரு பெட்டாகப் போனார்கள். அருமையாக நடந்தது. அதற்கு அடுத்த நாள் டாக்டர் கூப்பிட்டதால் எஸ்லின் கீழே போய்விட்டாள். திரும்பி மாடிப்படி ஏறும்போது பார்த்தால் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, பழையபடி நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கத்தாய் கைப்பையை ஏற்கனவே தோளில் மாட்டியிருந்தாள்.

எஸ்லின் அப்படியே கீழே திரும்பிப் போனாள். பழக்கம் மாறக் கொஞ்ச நாள் ஆகும் என்று விட்டாள். ஆனால் கொஞ்ச நாள் கழித்தும் அப்படியேதான் இருந்தது. அவள் நின்றால் பெட், அவள் இல்லையென்றால் மேசை. திரும்பச் சொன்னாள். திரும்ப, "சரி சிஸ்டர்."

"தங்கத்தாய்க்கா, இதுல எதுவும் கஷ்டம் இருக்கா? இருந்தா சொல்லுங்க."

"ஒரு கஷ்டமும் இல்ல சிஸ்டர்."

"வேல்விழி, ஒனக்கு?"

"இல்லக்கா. நல்லதுதானக்கா."

அவளுக்கு இதுதான் விளங்கவில்லை. பிடிக்காதவர்கள் சொன்னதைச் செய்யவில்லையென்றால் புரியும். இவர்களோ டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் அவளுக்குத்தான் தருகிறார்கள். வீட்டுச் சங்கதி, புருஷன் சங்கதி எல்லாம் சொல்லுகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் செய்வதில்லை, ஏன் என்றும் சொல்வதில்லை. தூத்துக்குடியில் வேலை பார்க்கிற கணவர் ஜெர்சோன் சனிக்கிழமை வந்தபோது இதைச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஒருவேளை ஒங்கிட்ட பயம் இல்லையோ என்னமோ" என்றார். அது அவளை மேலும் குழப்பியது. பயம் வேண்டாம் என்றுதானே இத்தனையும் செய்தாள்?

இதற்கு நடுவில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வேறு, மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் அந்த மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொடுக்கும்படியும் சொல்லிவிட்டார். ட்யூட்டி முடிந்ததும் தெருத்தெருவாக வீடு தேடுவது ஒரு தனி வேலையாகிவிட்டது.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை எல்லாம் தலைகீழாக மாறியது.

எஸ்லின் அன்று தியேட்டரில் மாட்டிக்கொண்டாள். இரண்டரைக்கு மேல் மாடிக்கு வந்தால், தங்கத்தாய் இன்னும் வார்டிலேயே இருந்தாள். ஒரு பெட்டின் கால்மாட்டில் நின்று ஆபிதா பானுவுக்கு ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசை காலியாக இருந்தது. எஸ்லின் நம்ப முடியாமல் வாசலிலேயே நின்றாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே கீழே ஓ.பி.யில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றும் அப்படியே நடந்தது என்று மூக்காண்டி சொன்னார். காலில் புண்ணோடு ஜன்னலோரப் பெட்டில் படுத்திருந்த பெரியவர் அவர். பாராட்டாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னார்.

"ரெண்டு பேரும் எம்பக்கத்துல நின்னு என் கதையப் பூராவும் சொல்லுதாவ. எனக்குச் சுகர் இருக்குன்னு என் மருமகளுக்கே இன்னைக்குத்தான் தெரியும். இப்போ டீக்குச் சீனி போடமாட்டேங்கா."

எஸ்லினுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. வீட்டு ஆட்கள் நிற்கும்போது எதைச் சொல்வது, எதை மெதுவாகச் சொல்வது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை. கொண்டுவந்தது நல்லதா கெட்டதா என்றே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய புதிர் அவர்கள் அவளிடம் நடந்துகொண்ட விதம். தங்கத்தாய் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்து, "நல்லாச் சாப்பிடுங்க. ஒடம்பு முக்கியம்" என்றாள். எஸ்லின் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆபிதா பானு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்தாள். வேல்விழி ஒருநாள் படியில் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம்க்கா. ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எது ஆகாது? கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். தனக்கு ஏதோ நோய் இருக்கிறது, லேப்பில் பார்த்துவிட்டு மறைக்கிறார்களோ என்றுகூட எஸ்லின் பயந்தாள். சோதனைக்கு அவள் ரத்தமே கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் மகாராஜனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரவுண்ட்ஸ் போனபோது ஒரு நோயாளி, தனக்கு எந்த ஆண்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாது என்று தானே எடுத்துச் சொன்னாராம். நர்ஸ்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"எப்படிம்மா சாதிச்சீங்க? தங்கத்தாயவே மாத்திட்டீங்களே! அடுத்த மாசம் தென்காசியில எங்க டாக்டர்ங்க சங்கத்துல ஒரு மீட்டிங் இருக்கு. நீங்க வந்து பேசணும். மாற்றத்தைக் கொண்டுவந்தது எப்படின்னு ஒரு அரைமணி நேரம்."

"நானா டாக்டர்?"

"பின்ன யாரு?"

எஸ்லின் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பேச்சைத் தயார் செய்யப் பார்த்தாள். முதலில் பழகினேன், அப்புறம் விளக்கினேன் என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன செய்தாள்? சர்ச்சுக்குப் போனாள், துணி துவைத்தாள். இதை எப்படித் தென்காசியில் போய்ச் சொல்வது?

வேல்விழியிடமே கேட்டாள். "நீங்க சொன்னது நல்ல விஷயம்தானக்கா" என்றாள். முன்பும் இதையேதான் சொன்னாள். ஆபிதா பானுவிடம் கேட்டதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், சமாதானப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. தங்கத்தாய், "செய்யச் சொன்னீய, செய்தோம்" என்று முடித்துவிட்டாள்.

விஷயம் தெரிந்தது பஸ் ஸ்டாண்டில். எஸ்லின் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனாள். வீடு சரியில்லை, பாத்ரூமுக்குப் போக வீட்டுக்காரர்களின் அடுக்களையைத் தாண்ட வேண்டும். திரும்பி வருகிற வழியில், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்கள் நிற்கிற இடத்தில் தங்கத்தாயும் வேல்விழியும் நிற்பதைப் பார்த்தாள். அவர்கள் ட்யூட்டி முடித்து இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. வேல்விழி போனில், "அழாத பிள்ள, சித்திகிட்ட இரு, அம்மா இப்போ வந்துருதேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் போகலையா நீங்க?"

தங்கத்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பஸ் போயிட்டு சிஸ்டர். அடுத்தது வரும்."

"தினமும் இப்படித்தானா?"

வேல்விழி போனை அவசரமாகப் பைக்குள் போட்டாள். எஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேர் ஊருக்கும் பஸ் இரண்டேகாலுக்குத்தான். அதைப் பிடிக்கத்தான் இத்தனை நாளும் மேசையிலேயே முடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பெட் பெட்டாகப் போனால் அந்த பஸ் கிடைக்காது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல? இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் செய்யுதீய?"

தங்கத்தாய் வேல்விழியைப் பார்த்தாள். வேல்விழி தலையைக் குனிந்தாள். "சொல்லிருவோம்ட்டி. எத்தன நாளைக்கு மறைக்க?" என்று சொல்லிவிட்டுத் தங்கத்தாய் எஸ்லின் பக்கம் திரும்பினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி எஸ்லின் கேட்டதே இல்லை.

"எங்களுக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர். இந்த மாசத்துக்குள்ள இது நடக்கலன்னா உங்களக் கெளம்பச் சொல்லிட்டாவளாமே. நீங்க மருந்து ரூம்ல நின்னு உங்க தங்கச்சிகிட்ட போன்ல அழுதது ஆபிதா காதுல விழுந்துட்டு. டாக்டர் இப்படிச் செய்வாருன்னு நான் நெனைக்கல. சரி, பஸ் போனா போவுது, உங்க வேலைய விட்டுத்தர முடியுமா?"

எஸ்லின் வாயைத் திறந்தாள். தங்கச்சி ஜாய்லினிடம் பேசியது ஞாபகம் வந்தது. 'மாசக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணலன்னா கெளம்பச் சொல்லிட்டாவ, நான் எங்க போவேன்' என்று சொன்னது வீட்டைப் பற்றி. அழவில்லை, ஜலதோஷம். இதைச் சொல்ல அவள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே வாசுதேவநல்லூர் பஸ் உள்ளே வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. தங்கத்தாய் ஏறும்போது ஜன்னல் பக்கமாகக் குனிந்து, "கவலப்படாதீய சிஸ்டர்!" என்று சத்தமாகச் சொன்னாள்.

வேல்விழி பக்கத்தில்தான் நின்றாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். எஸ்லின் சொல்லவில்லை. அவளுடைய பஸ்ஸும் வந்து அவளும் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க எஸ்லினுக்குத் தன் மனதையே புரிந்துகொள்ள முடியவில்லை. இத்தனை பேர் தன்மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள் என்பது நெஞ்சை நிறைத்தது. ஆனால் அந்த அன்புக்குக் காரணமே ஒரு தப்பான சேதி. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று படுத்தாள். மறுநாள் வார்டுக்குப் போனால், புதிதாக வந்த ஒரு அம்மாளுக்கு டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்காமல் வேகமாக ஓடுவதை, இரண்டு மணிக்குப் பெட் பக்கம் நின்ற தங்கத்தாயும் ஆபிதாவும் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். இதை எப்படி நிறுத்துவது? நாளைக்குச் சொல்லலாம் என்று மறுபடி தள்ளிப்போட்டாள். அப்படியே ஒரு வாரம் போனது. அந்த வாரம் தங்கத்தாய் கொண்டுவந்த குழம்பை அவள் டிரெய்னிகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஆபிதா பானு, ட்யூட்டி மத்தியானம்தான் என்றாலும், ஒரு காலையில் ஓடி வந்து சொன்னாள். வேல்விழியின் மகள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி, அம்மாவைக் காணாமல், சித்தி வீட்டுக்கும் போகாமல், அம்மா வருகிற பஸ்ஸைத் தேடி மெயின் ரோட்டில் தன்பாட்டுக்கு நடந்து போயிருக்கிறாள். டீக்கடைக்காரர் பார்த்துப் பிடித்து உட்கார வைத்து, பன் வாங்கிக் கொடுத்து, வேல்விழி வருகிறவரை வைத்திருந்தாராம். லாரி போகிற ரோடு.

"வேல்விழி ஒண்ணும் சொல்லலையே?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னா அக்கா. உங்களுக்கே மனசு சரியில்லாத நேரத்துல..."

எஸ்லின் கையிலிருந்ததை அப்படியே வைத்தாள்.

அன்று மத்தியானம், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் உடை மாற்றுகிற அறையில் ஒன்றாக இருக்கும் நேரம் பார்த்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். என்னைய யாரும் வேலைய விட்டு நிறுத்தப்போறது இல்ல."

ஆபிதா பானுவின் முகம் மலர்ந்தது. "டாக்டர் மனசு மாறிட்டாராக்கா?"

"மாறல ஆபிதா. அவரு அப்படிச் சொல்லவே இல்ல. நான் போன்ல பேசுனது வீட்டப் பத்தி. வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. அதத்தான் தங்கச்சிகிட்ட சொன்னேன்."

"வீடா?"

"வீடுதான்."

வேல்விழி மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபிதா பானு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு டிரெய்னி களுக்கென்று சிரித்துவிட்டுப் பயந்து நிறுத்தினாள். தங்கத்தாய் மட்டும் அசையாமல் நின்றாள்.

"நாங்க இப்படி நெனச்சிக்கிட்டிருக்கோம்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பஸ் ஸ்டாண்டுல நீங்க சொன்னப்போ."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

எஸ்லினுக்குப் பல பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. பஸ் வந்துவிட்டது, கூட்டமாக இருந்தது, சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. தங்கத்தாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"நல்லா நடந்துக்கிட்டு இருந்துச்சு. அதான்."

"பிள்ளை ரோட்டுல நடந்திருக்கு, சிஸ்டர்."

"தெரியும். தப்புதான். வேல்விழி, என்னைய மன்னிச்சிரு." எஸ்லின் தங்கத்தாய் பக்கம் திரும்பினாள். "ஆனா தங்கத்தாய்க்கா, மொத நாளே பஸ் போயிரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத வேற மாதிரி யோசிச்சிருப்பேன்லா? நான் எத்தன தடவ கேட்டேன்?"

"எப்படிச் சொல்ல?" தங்கத்தாயின் குரல் பழைய சத்தத்துக்கு வந்துவிட்டது. "தபசு அன்னைக்கு எங்களுக்காகக் கால் வீங்க வீங்க நின்னீய. இவ வீட்டுக் காதுகுத்துக்கு வெயில்ல வந்தீய. அதுக்கப்புறம் உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? முன்னால இருந்த இன்சார்ஜ்கிட்ட நான் தினமும் சண்ட போடுவேன். அது சொடலமாடன் சாமி மாதிரி நிக்கும், நானும் நிப்பேன். உங்ககிட்ட எனக்குச் சண்ட போடத் தெரியல."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மேசையில்கூட யாரும் உட்காரவில்லை. நின்றபடி நாலு வார்த்தை, அவ்வளவுதான். இரண்டேகால் பஸ்ஸை எல்லோரும் பிடித்துவிட்டார்கள்.

எஸ்லின் அன்று நினைத்தாள், பழக்கமும் போயிற்று, காரியமும் போயிற்று என்று. ஆனால் மறுநாள் காலையில் வேல்விழி, சிவகிரி ரோட்டில் ஒரு வீடு இருப்பதாகத் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொண்டுவந்தாள். மத்தியானம் ஆபிதா பானு வந்து, தன் பெரியம்மா மைமூனம்மாள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, தனி வாசல், தண்ணீருக்குக் கவலை இல்லை, நான் பேசிவிட்டேன் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாமான் மாற்றினார்கள். வேல்விழியும் ஆபிதாவும் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கட்டினார்கள், ஜெர்சோன் கட்டிலை மாடிக்கு ஏற்ற முடியாமல் திணறியதைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை போகாத ஒருத்திக்கு, தங்களை ஒரு வாரம் ஏமாற்றிய ஒருத்திக்கு, இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? பெட் பக்கம் நிற்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? கேட்டால் மறுபடி ஏதாவது குழம்பும் என்று எஸ்லின் கேட்கவில்லை. தங்கத்தாய் வரவில்லை.

டாக்டரிடம் போய் நடந்ததெல்லாம் சொன்னாள். இறங்குகிறவர்களைக் கொஞ்சம் முன்னால் விடலாமா, அல்லது ஏறுகிறவர்களை முன்னால் வரச் சொல்லலாமா என்று கேட்டாள். லேப், மருந்துக்கடை எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடுகிறது, ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும், பார்க்கலாம் என்றார். தென்காசிப் பேச்சை மட்டும் விடவில்லை.

"நான் ஒண்ணும் செய்யல டாக்டர். அதத்தான் சொல்லுதேன். ஒரு தப்பான சேதியாலதான் நடந்துச்சு. இப்போ அதுவும் நடக்கல."

"இந்த அடக்கம்தாம்மா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்று சொல்லிவிட்டு அவர் ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள், இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தங்கத்தாய் ஆபிதா பானுவைக் கூப்பிட்டுக்கொண்டு வார்டுக்குள் போனாள். முந்தின நாள் ஆபரேஷன் ஆனவரின் பெட்டிலும், டிரிப் ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் பெட்டிலும் நின்று விவரமாகச் சொன்னாள். வீட்டு ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொன்னாள். பிறகு மேசைக்குத் திரும்பி, மற்றவர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பையை மாட்டினாள்.

யாரும் சொல்லாமல் அவளாகவே செய்ததைப் பார்த்து எஸ்லினுக்கு ஆசை வந்துவிட்டது. அருகில் போனாள்.

"மத்த பெட்டுக்கும் போயிருந்தா நல்லாயிருக்கும், தங்கத்தாய்க்கா."

"முடியாது சிஸ்டர்."

எஸ்லின் அப்படியே நின்றாள். அந்தச் சொல்லை அவளிடமிருந்து இதற்கு முன் கேட்டதில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. இந்த ரெண்டு பேர்தான் சிக்கலான கேசு, பாத்துட்டேன். மத்தவங்கள எல்லாம் பாக்கணும்னா நீங்க இருக்கீயள்லா, நீங்க ஆபிதாவக் கூட்டிட்டுப் போங்க. இல்ல, டாக்டர்கிட்ட சொல்லி எங்கள முன்னால விடச் சொல்லுங்க. நான் வேணா கூட வாரேன், ஆனா நாளைக்கு. இன்னைக்கு முடியாது."

படியில் அவள் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போனது. ஆபிதா பானு, எஸ்லின் கோபப்படப்போகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தாள். எஸ்லினுக்குத் தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியவில்லை. ஏதோ கனம் இறங்கினது போலவும் இருந்தது, கன்னத்தில் அறை வாங்கினது போலவும் இருந்தது.

"வா ஆபிதா" என்று மூன்றாவது பெட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் தங்கத்தாய் சொன்னபடி டாக்டர் அறைக்குக் கூட வந்தாள். உள்ளே போனதும் எஸ்லினுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இரண்டேகால் பஸ்ஸைப் பற்றி அவள்தான் பேசினாள்.